குழலைத் தேர்ந்த குழந்தை: இசை மேதை மாலி

 

தைப்பூசத் திருநாளில் பத்துமலை அடிவாரம் கடைகளால் நிறைந்திருக்கும். 272 படிகளும் ஏறி முருகப் பெருமானை வணங்கி இறங்கி வரும் சிறுவர்களின் கண்கள் மூங்கில் குழல்களின் மீதும் சிறு மேளங்களின் மீதும் பதியும். பெற்றோரும் ஆசையோடு வாங்கித் தருவர். சில நாள்களில் அக்குழல் வீட்டின் ஒரு மூலையில் கிடக்கும். பள்ளி வாத்தியக் குழுவில் பிள்ளையைச் சேர்க்க விரும்பும் பெற்றோர், முதலில் எந்தக் கருவியைக் கொடுப்பது என்று ஆசிரியர்களை வினவுவதும் உண்டு. இவ்வினாவிற்கு விடை தேடும்போது, புல்லாங்குழல் மேதை மாலியின் வாழ்க்கை நம் நினைவிற்கு வருகின்றது.

தமிழ்நாட்டில், தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் 1926ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் பிறந்தவர் மகாலிங்கம். அவ்வூர்க் கோயிலில் எழுந்தருளியுள்ள மகாலிங்கசுவாமியின் திருப்பெயரே அவருடைய பெயருமாயிற்று. பின்னாளில் உலகம் அவரைச் சுருக்கமாக மாலி என்று அழைத்தது.

மகாலிங்கம் ஐந்து வயதளவில் தம் மாமா ஜால்ரா கோபால ஐயரிடம் வாய்ப்பாட்டுக் கற்க அனுப்பப்பட்டார். நலிந்த உடலுடைய அப்பிள்ளை குழல் ஊதுவதைத் தந்தை முதலில் விரும்பவில்லை என்பர். ஊதினால் நெஞ்சு நோகுமே என்னும் அச்சம் பெற்ற மனத்திற்கு இயல்புதானே! ஆயினும் குழந்தையின் உள்ளம் குழலையே நாடியது. மாமா இல்லாத வேளைகளில் அவர் குழலை எடுத்துத் தாமே ஊதிப் பார்த்தார். எந்தத் துளையை எப்படி மூட வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. பாடிப் பழகிய காதே அவருக்கு ஆசானாக அமைந்தது. பைரவி இராகத்தில் அமைந்த விரிபோணி வர்ணத்தைப் பிழையின்றி அச்சிறுவர் வாசிப்பதைக் கேட்டு மாமா வியப்படைந்தார். பெரியவர்கள் தடையை விலக்கிக்கொண்டனர்.

1933ஆம் ஆண்டில், ஏழு வயதை எட்டும் பருவத்தில், சென்னை மயிலாப்பூரில் நடைபெற்ற தியாகராஜர் விழாவில் மாலி மேடையேறினார். அவையிலிருந்த முசிரி சுப்பிரமணிய ஐயரும் பரூர் சுந்தரம் ஐயரும் அக்குழந்தைக்குப் பொன்னாடை போர்த்திப் பாராட்டினர்.

மாலிக்கு முன்பே குழலிசையில் பெரியோர் இருந்தனர். கண்பார்வையற்ற சரப சாஸ்திரிகள், 1904ஆம் ஆண்டில் தம் இளமையிலேயே மறைவதற்குள், புல்லாங்குழலைத் தனிக் கச்சேரிக்குரிய கருவியாக உயர்த்தினார். அவர் வழியில் பல்லடம் சஞ்சீவ ராவ் புகழ் பெற்றார். இவ்விருவருக்கும் பின் வந்த மாலி, தடித்த மூங்கிலாலான குழலைக் கையாண்டார். விரல் வைக்கும் முறையையும் இதழ் வைக்கும் முறையையும் மாற்றினார். அதனால் மிடற்றில் எழும் வளைவும் நெளிவும் குழலிலும் எழுந்தன. அவருடைய குழல் பாடியது என்றே கேட்டோர் கூறினர். முதலில் வாயால் பாடிப் பழகியிராவிடில் இது அவருக்குக் கைகூடியிருக்குமா?

இனி, பெற்றோர் சற்று நின்று சிந்திக்க வேண்டிய பகுதியைச் சொல்கிறேன். வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் கழிய வேண்டிய ஆண்டுகள் மாலிக்குக் கச்சேரி மேடைகளிலும் பயணங்களிலும் கழிந்தன. வளர்ந்தபின், ஒப்புக்கொண்ட கச்சேரிகளுக்கு வாராதிருப்பதும், இடையிலேயே வாசிப்பை நிறுத்திவிடுவதும் அவரிடம் காணப்பட்டன. மதுப்பழக்கமும் அவரை வாட்டியது. எதனால் எது விளைந்தது என்று தீர்ப்புக் கூற நாம் யார்? எனினும், குழந்தையின் திறமை மலர்வதற்குக் குழந்தைப் பருவத்தையே விலையாகக் கொடுக்க வேண்டுமா என்று நாம் எண்ணிப் பார்ப்பது நன்று.

மாலி பெங்களூரில் நெடுங்காலம் வாழ்ந்தார்; பிற்காலத்தில் சில ஆண்டுகள் அமெரிக்காவிலும் இருந்தார். 1986ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் தம் 59ஆம் வயதில் மறைந்தார். எனினும் அவர் வழி அழியவில்லை. அவருடைய மாணவர் என். இரமணி, 2015ஆம் ஆண்டில் தாம் மறையும் வரை அக்குழலிசையைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றார்.

இவ்வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, கருவி வாங்குமுன் பிள்ளையைப் பாட விடுங்கள். தேவாரமும் காவடிச் சிந்தும் பாடக் காசு வேண்டியதில்லை. தோட்டத்து வீட்டிலும் அது இயலும்.

இரண்டாவது, பிள்ளை எதை நாடுகின்றது என்று பொறுத்துப் பாருங்கள். அண்டை வீட்டுப் பிள்ளை மேளம் அடிக்கின்றது என்பதற்காக நம் பிள்ளையின் கையிலும் மேளத்தைத் திணிக்க வேண்டா. குழலையே அது விரும்பினால், நீண்ட குழல் ஆழ்ந்த ஒலி தரும், குட்டையான குழல் உச்ச ஒலி தரும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். பிஞ்சு விரல்கள் எட்டித் துளைகளை முழுதும் மூடும்படியான சிறு குழலே தொடக்கத்திற்கு ஏற்றது. முன்பற்கள் விழுந்து முளைக்கும் பருவமாயின், அவை முளைக்கும் வரை பொறுப்பதில் தவறில்லை. வாங்குமுன் இசையறிந்த ஒருவரை ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். சுருதி சேராத குழலோடு போராடும் பிள்ளை, குறை தன்னுடையதே என்று எண்ணி மனம் சோர்ந்துவிடும்.

மூன்றாவது, மேடைக்கு விரைய வேண்டா. படிப்பும் விளையாட்டும் உறக்கமும் பிள்ளைகளின் உரிமை. இசை அவற்றோடு சேர்ந்து வளரட்டும்.

மாணவச் செல்வங்களே! அடுத்த தைப்பூசத்தில் நீங்கள் விரும்பி வாங்கும் குழல் மூலையில் கிடக்க வேண்டா. நாள்தோறும் சிறிது நேரம் அதனை எடுத்து ஊதுங்கள். திருவிடைமருதூர்ச் சிறுவனுக்கு இசை தந்த மூங்கில், உங்கள் மூச்சுக்கும் இசை தரும். வாழ்க! வளர்க!