ஹால்ஸ்டெட்டும் அவருடைய நண்பரும்

பல் பிடுங்கிக்கொண்ட அனுபவம் நம்மில் சிலருக்காவது இருக்கும். கீழ்த்தாடையின் உட்புறத்தில் ஓர் ஊசி. சிறிது நேரத்தில் பாதி உதடு வேறு யாருடையதோ போல மரத்துப் போகிறது. வலி தெரியாமல் பல் வெளியே வந்துவிடுகிறது. இந்த முறையை 1884ஆம் ஆண்டில் கண்டு பிடித்தவர்கள் நியூயார்க் நகரத்து இளம் டாக்டர்கள் சிலர். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட். அதற்காக அவர் கொடுத்த விலை பெரிது.

1852இல் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் ஹால்ஸ்டெட். யேல் பல்கலைக் கழகத்தில் படித்தபோது புத்தகத்தைவிடக் கால்பந்தில்தான் அவருக்கு நாட்டம்; குழுவின் தலைவராகவும் இருந்தார். (நம் விடுதி நண்பர்கள் சிலருக்கு இது ஆறுதலாக இருக்கலாம்!) மருத்துவத்தில் புகுந்த பிறகு ஆளே மாறிவிட்டார். ஐரோப்பாவில் இரண்டாண்டுகள் பயின்று 1880இல் திரும்பினார். ஒரே சமயத்தில் பல ஆஸ்பத்திரிகளில் வேலை. இரவில் மாணவர்களுக்குப் பாடம். அவருடைய சகோதரி பிள்ளை பெற்று, இரத்தம் நில்லாமல் உயிர் போகும் நிலையில் இருந்தபோது, தம் உடம்பிலிருந்தே இரத்தத்தை எடுத்து அவளுக்கு ஏற்றிப் பிழைக்க வைத்தார். இரத்த வகைகள் என்று ஒன்று உண்டு என்பதே உலகுக்குத் தெரியாத காலம் அது. 1882இல் தம் தாயாருக்கு நள்ளிரவில், வீட்டிலேயே, பித்தப்பையைத் திறந்து கல்லை எடுத்தார். இத்தனை துணிச்சலும் ஓட்டமும் உள்ள மனிதர்.

1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர், கோகெயின் கரைசலைக் கண்ணில் சொட்டு விட்டால் கண் மரத்துப் போகிறது என்று காட்டினார். செய்தி நியூயார்க்கை எட்டியதும் ஹால்ஸ்டெட்டுக்கு ஒரு யோசனை பிறந்தது. கண்ணின் மேற்பரப்பு மரத்துப் போகுமானால், நரம்பையே தேடிப் பிடித்து அதன் பக்கத்தில் மருந்தைச் செலுத்தினால் அந்த நரம்பு ஆளும் பகுதி முழுவதும் மரத்துப் போகாதா? போயிற்று. ஆனால் இதை யார் மீது சோதிப்பது? தங்கள் மீதே சோதித்தார்கள். ஹால்ஸ்டெட், ஹால் முதலிய டாக்டர்கள், மாணவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுக்கொண்டு எந்த இடம் மரக்கிறது என்று குறித்து வைத்தார்கள்.

கோகெயினுக்கு இரண்டு முகங்கள் உண்டு. நரம்பின் பக்கத்தில் அது சோடியம் அயனிகளின் வழியை அடைத்து, வலிச் செய்தி மேலே போகாமல் நிறுத்துகிறது. அதே மருந்து இரத்தத்தோடு மூளைக்குப் போய்ச் சேர்ந்தால், டோபமின் என்ற பொருளை நரம்பணுக்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாதபடி தடுத்துவிடுகிறது. களைப்புத் தெரியாது; தூக்கம் வேண்டாம்; உலகத்தையே வென்றுவிட்டது போன்ற ஒரு களிப்பு. ஏற்கனவே ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த மனிதருக்கு இதைவிட ஆபத்தான பண்டம் வேறு எது?

அடையாளங்கள் ஒவ்வொன்றாய் வந்தன. ஆஸ்பத்திரிக்கு வருவது ஒழுங்கு தவறிற்று. தொடங்கிய வேலைகள் பாதியில் நின்றன. 1885 செப்டம்பரில் நியூயார்க் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் கோகெயினைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வெளியாயிற்று. அதன் முதல் வாக்கியமே நூறு சொற்களுக்கு மேல். எங்கோ தொடங்கி எங்கெங்கோ சுற்றி, பொருள் இன்னதென்று சொல்ல முடியாமல் முடிகிறது. நேற்றுவரை தெளிவாக எழுதிய மனிதரின் கை அது. அச்சிட்டவர்களுக்கும் தெரியவில்லையா, தெரிந்தும் சும்மா இருந்தார்களா என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

யோசிக்கக் காரணம் உண்டு. விடுதியில் என்னோடு ஓர் அறையில் இருந்த நண்பன் ஒருவனின் சோதனைக் குறிப்பேட்டை ஒரு நாள் தற்செயலாகப் புரட்டினேன். முதல் ஐம்பது பக்கங்கள் முத்து முத்தான எழுத்து. பிறகு பாதி வாக்கியங்கள், தேதியில்லாத அளவுகள். பகலில் தூங்குவான், இரவில் எங்கோ போய்விடுவான், மாத முதல் வாரத்திலேயே கடன் கேட்பான். தமிழ் பேச அங்கே அவனுக்கு நானும் எனக்கு அவனும்தான். ஆயினும் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வான் என்று பயம். பருவத் தேர்வுக்கு முன் அவன் தந்தையார் வந்து ஊருக்கு அழைத்துப் போனார். இன்று 14416 என்ற எண்ணில் மனநல உதவி தமிழிலேயே கிடைக்கிறது, 14446 போதைப் பழக்கத்துக்கென்றே இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

ஹால்ஸ்டெட்டுக்குக் கேட்கும் நண்பர் ஒருவர் இருந்தார். அவர் வில்லியம் வெல்ச், நோய்க்கூறு இயலில் பெரிய அறிஞர். 1886 தொடக்கத்தில் அவரைப் பாய்மரக் கப்பலில் ஏற்றி மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம் அழைத்துச் சென்றார் என்றும், கொண்டுபோன மருந்து தீர்ந்ததும் ஹால்ஸ்டெட் கப்பலின் மருந்துப் பெட்டியையே உடைத்தார் என்றும் வரலாறு எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். கடற்காற்று போதவில்லை என்று தெரிந்தது. அதே ஆண்டில் ராட் தீவு மாநிலத்திலுள்ள பட்லர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மாதக்கணக்கில் சிகிச்சை பெற்றார். அந்தக் காலத்துச் சிகிச்சை விநோதமானது. கோகெயினை விடுவிக்க மார்பியா கொடுத்தார்கள். திருடனை விரட்டக் கொள்ளைக்காரனைக் காவல் வைத்த கதை. இன்றும் அபின் வகைப் பழக்கத்துக்கு மாற்று மருந்து கொடுப்பதுண்டு. ஆனால் அது டாக்டர் அளந்து, கண்காணித்துக் கொடுப்பது. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வெளியே வந்த ஹால்ஸ்டெட்டுக்கு நியூயார்க்கில் வாழ்வு முடிந்துவிட்டது. வெல்ச் அவரைப் பால்டிமோருக்கு வரவழைத்துத் தம் ஆய்வுக்கூடத்தில் இடம் கொடுத்தார். அங்கே நாய்களின் குடலைத் தைக்கும் முறையை ஆராய்ந்து, தையல் நிலைக்க வேண்டுமானால் ஊசி சளிச்சவ்வுக்கு அடியிலுள்ள உறுதியான படலத்தைப் பிடிக்க வேண்டும் என்று நிறுவினார். 1887 ஏப்ரலில் ஹார்வர்டில் அதைப் படித்தார், பாராட்டும் பெற்றார். அதே மாதத்தில் மீண்டும் பட்லர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்! வெற்றி வந்தால் பழக்கம் போய்விடும் என்று நினைப்பவர்கள் இந்தத் தேதிகளைக் கவனிக்கலாம். வெல்ச் அப்போதும் கை விடவில்லை. அந்த ஆண்டின் முடிவில் திரும்பி வந்தவருக்கு ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்தே இருந்தது.

1889இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி தொடங்கியது. அடுத்த ஆண்டு அதன் தலைமை ரண வைத்தியர் ஆனார், 1892இல் பேராசிரியர். ஆனால் பழைய ஓட்டக்காரர் இல்லை அவர். நிதானம், நுணுக்கம், திசுக்களை நோகாமல் தொடும் பொறுமை. மனிதர்களோடு பழகுவதில் கூச்சம். அவருடைய அறுவை அறையில் உதவி செய்த காரலைன் ஹாம்ப்டன் என்ற நர்ஸின் கைகள் பாதரச மருந்தால் புண்ணாயின. அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறைகள் செய்து தரும்படி குட்இயர் கம்பெனியிடம் ஹால்ஸ்டெட் சொன்னார். இன்று உலகமெங்கும் ரண வைத்தியர்கள் அணிவது அந்தக் காதலின் பரிசுதான். 1890இல் அவரையே மணந்துகொண்டார். மூளை அறுவையில் பேர் பெற்ற ஹார்வி குஷிங் போன்றவர்கள் அவரிடம் பயின்றவர்கள். 1922இல், பித்தநாளத்தில் அறுவை செய்துகொண்ட பிறகு காலமானார்.

ஹால்ஸ்டெட் மருந்தை வென்றவர் என்றே எல்லோரும் நம்பினார்கள். உடன் வேலை செய்த டாக்டர் ஆஸ்லர் மட்டும் ஆஸ்பத்திரியின் உள்கதையை எழுதிப் பூட்டி வைத்திருந்தார். அது 1969இல்தான் திறக்கப்பட்டது. தலைமைப் பதவி ஏற்ற பின்னும் நாளொன்றுக்கு மூன்று கிரெயின், ஏறக்குறைய 200 மில்லிகிராம், மார்பியாவுக்குக் கீழே அவரால் இறங்க முடியவில்லை என்பதும், 1898இல் ஒருவாறு அதைப் பாதியாக்கினார் என்பதும் அதில் இருந்தன. ஹால்ஸ்டெட்டே தம் கடைசிக் காலத்தில் ஆஸ்லருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தம்மோடு ஊசி போட்டுக்கொண்ட ஹாலும் வேறு இரண்டு உதவியாளர்களும் பழக்கத்திலிருந்து மீளாமலே இறந்தார்கள் என்று அதில் குறித்திருக்கிறார்.