மயில் கணக்கு சொன்ன மாமேதை!

குட்டீஸ்! ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் போகும் வழியில், புதிதாகத் தொழிற்சாலை கட்டும் இடங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அஸ்திவாரம் தோண்டும் முன், மேஸ்திரி முளைக்குச்சி அடித்து நூல் கட்டுவார். மூலையில் இருந்து ஒரு நூலில் 3 அடி, மறு நூலில் 4 அடி அளந்து அடையாளம் வைப்பார். இரண்டு அடையாளங்களுக்கும் குறுக்கே டேப் பிடித்தால் சரியாக 5 அடி வர வேண்டும். வந்தால், அந்த மூலை செங்கோணம்! இதைத்தான் மூலைமட்டம் பார்ப்பது என்பார்கள்.

மூலை ஒரே ஒரு டிகிரி தப்பினாலும், 100 மீட்டர் சுவரின் மறுமுனை சுமார் 1.75 மீட்டர் விலகிப் போய்விடும். அப்புறம் கூரை எப்படிப் பொருந்தும்?

மூன்றின் வர்க்கம் 9, நான்கின் வர்க்கம் 16. கூட்டினால் 25. அது ஐந்தின் வர்க்கம். பிதாகரஸ் தேற்றம் என்று நீங்கள் படிக்கும் இந்த விதி, நம் நாட்டின் பழைய சுல்ப சூத்திரங்களிலும் இருக்கிறது. அதைக் கதை போலக் கணக்காக்கித் தந்தவர் பாஸ்கராச்சாரியார்.

இவர் 1114ம் ஆண்டு பிறந்தார். தந்தை மகேஸ்வரர் வானியல் அறிஞர். அவரே மகனுக்குக் குருவும் ஆனார். 36ம் வயதில், 1150ல், 'சித்தாந்த சிரோமணி' என்ற பெரிய நூலை பாஸ்கரர் முடித்தார். அதன் ஒரு பகுதிதான் புகழ்பெற்ற 'லீலாவதி'. லீலாவதி அவரது மகள் என்று ஒரு கதை உண்டு. ஆனால் அது பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட கதை.

லீலாவதியில் வரும் மயில் கணக்கைக் கேளுங்கள். 9 முழ உயரத் தூணின் உச்சியில் ஒரு மயில். தூணின் அடியில் பாம்புப் புற்று. 27 முழ தூரத்தில் இருந்து பாம்பு புற்றை நோக்கி வருகிறது. மயில் சாய்வாகப் பாய்ந்து அதைப் பிடிக்கிறது. இரண்டும் கடந்த தூரம் சமம். பிடித்த இடம் புற்றில் இருந்து எவ்வளவு தூரம்?

9ன் வர்க்கம் 81. அதை 27ஆல் வகுத்தால் 3. அதை 27ல் கழித்தால் 24. அதில் பாதி 12 முழம். பாம்பு வந்தது 15 முழம். மயில் பாய்ந்ததும் 15 முழம். பக்கங்கள் 9, 12, 15. மூன்றால் வகுத்துப் பாருங்கள்... 3, 4, 5! மேஸ்திரியின் அதே முக்கோணம்!

69ம் வயதிலும் பாஸ்கரர் ஒரு வானியல் நூல் எழுதினார். அவரது நூல்களைக் கற்பிக்கவே பேரன் சங்கதேவர் மகாராஷ்டிரத்தில் ஒரு கல்விக்கூடம் அமைத்தார். 1587ல் அக்பரின் அவைக் கவிஞர் பைஸி, லீலாவதியைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தார்.

இப்போது உங்களுக்கு ஒரு லீலாவதி கணக்கு: 32 முழ மூங்கில் காற்றில் முறிந்து, நுனி அடியில் இருந்து 16 முழம் தள்ளித் தரையைத் தொட்டது. எவ்வளவு உயரத்தில் முறிந்தது? இதிலும் 3, 4, 5 ஒளிந்திருக்கிறது. கண்டுபிடியுங்கள் பார்ப்போம்!

(விடை: 12 முழம்)