கலாநிதி அம்பேத்காரின் மாணவ வாழ்க்கை

பரீட்சையிற் புள்ளிகள் குறைந்தமையால் மேற்படிப்பின் வாயில் அடைபட்டதென்று மனஞ் சோரும் மாணவர் எக்காலத்தும் உளர். சாகாமக் குளத்து நீர் பாயும் வயலோரங்களிலும் கல்முனைக் கடலோரத்திலும் வாழும் நம் பிள்ளைகளும் அதற்கு விலக்கல்லர். அன்னோர் பொருட்டு, இந்திய அரசியலமைப்பின் சிற்பியென உலகம் அறிந்த கலாநிதி பீமராவ் அம்பேத்காரின் மாணவ வாழ்க்கையை ஈண்டு சுருங்கக் கூறுவாம்.

அன்னார் 1891ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 14ஆந் திகதி, மத்திய இந்தியாவிலுள்ள மோ என்னும் படைநகரிற் பிறந்தார். தந்தையார் படையிற் சுபேதாராகப் பணிபுரிந்தவர். எனினும், தீண்டாமைக்கு ஆளான மகர் குலத்துப் பிள்ளையாதலின், பள்ளியில் ஏனையோரினின்று விலகித் தனிச் சாக்கில் அமர்ந்தே படித்தார். பொதுக்குடத்து நீரைத் தொடவும் அவருக்கு உரிமையில்லை. வடமொழி கற்க விரும்பியும் இடங் கிடையாமையாற் பாரசீகம் கற்றார். 1907இல் மெற்றிக்குலேஷன் பரீட்சையில் அவர் பெற்றவை 750க்கு 282 புள்ளிகளே. 1912இல் பம்பாய் எல்பின்ஸ்ரன் கல்லூரியிற் பொருளியலும் அரசியலும் பயின்று பீ. ஏ. தேறினார். அச்சித்தியும் சாதாரணமானதே.

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் உதவிப்பணம் அளித்து அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நேரத்தை வீணாக்காது, பொருளியலோடு வரலாறு, சமூகவியல், தத்துவம் ஆகியவற்றையும் கற்றார். 1915இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அங்கே ஆசிரியராயிருந்த பொருளியலறிஞர் செலிக்மனின் நன்மதிப்பையும் ஈட்டினார். அவ்வுழைப்பின் பலனாக, 1916இல் இலண்டன் பொருளியற் கல்லூரியின் கதவு திறந்தது.

ஆயினும் 1917இல் உதவிப்பணக் காலம் முடியவே, படிப்பை இடைநிறுத்தித் தாயகம் மீண்டார். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பிவந்து தொடர்வதற்குப் பல்கலைக்கழகம் அனுமதி அளித்திருந்தது. பரோடா அரசுப் பணியில் அமர்ந்தபோது, சாதியின் பேரால் தங்க இடமின்றித் துரத்தப்பட்டார். பின் பம்பாய் சைடனம் கல்லூரியிற் பேராசிரியராகிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். அச்சேமிப்போடு கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவியும் நண்பர் ஒருவரின் கடனும் சேர, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார்.

அங்கு அரைவயிறு உண்டு, நூதனசாலை நூலகத்திலேயே பகலெல்லாம் கழித்தார். 1921இல் விஞ்ஞான முதுமாணியானார். அடுத்து, இந்திய ரூபாவின் சிக்கலை ஆராய்ந்து, பிரித்தானிய ஆட்சியின் நாணயக் கொள்கையைக் கடிந்து ஆய்வேடு எழுதினார். பரீட்சகர் அதனைத் திருத்தி வருமாறு பணித்தனர். கைப்பணமும் தீர்ந்தமையாற் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். 1923இல் ஆய்வேடு ஏற்கப்பட்டு, விஞ்ஞான கலாநிதிப் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டே அது நூலாக வெளிவந்தபோது, பல முடிவுகளில் உடன்படாத பேராசிரியர் எட்வின் கனனே முன்னுரை வழங்கினார்.

1950இல் நம் இலங்கைக்கும் வந்து உலக பௌத்தர் மாநாட்டிற் கலந்துகொண்ட அப்பெரியார், 1956 திசெம்பர் 6ஆந் திகதி மறைந்தார்.

புள்ளிகள் பொருளற்றவை என்பது இவ்வரலாற்றின் கருத்தன்று. குறைந்த புள்ளியைப் பின்வந்த உழைப்பு ஈடுசெய்தது. அவ்வுழைப்பை அறிந்துரைக்க ஓர் ஆசிரியர் இருந்தார். பொருளுதவ மன்னர் இருவர் இருந்தனர். உழைப்பது மாணவர் கடன். நல்லாசிரியராய் நின்று பரிந்துரைப்பதும், இயன்றதை ஈந்து ஏழைப் பிள்ளையைக் கரையேற்றுவதும், பழைய மாணவராகிய நம்மனோர் கடனாகும்.