பறிபோன 'கேப்டன்' பதவி.. கடைசி வரை 'ஜெனரல்'! யார் இந்த ஷா நவாஸ் கான்?

ஓசூர் சிப்காட் செக்யூரிட்டி ஆபீஸ் ஆனாலும் சரி, தேன்கனிக்கோட்டையில் ஒரு வீட்டு வாசல் பெயர்ப்பலகை ஆனாலும் சரி, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் பெயரோடு அவரது ரேங்கும் சேர்ந்தே வரும். யூனிஃபார்ம் பீரோவுக்குள் போய்விடும். ரேங்க் மட்டும் கடைசி வரை கூடவே இருக்கும்.

அந்த ரேங்கை அரசு திரும்பப் பிடுங்க முடியுமா? ஓய்வுக்குப் பிறகு ஒருவர் தப்பு செய்தால் பிடுங்கணுமா? இதற்குப் பதில் தேடினால், பணியில் இருக்கும்போதே ரேங்கைப் பறிகொடுத்த ஒரு அதிகாரியின் வாழ்க்கை நிறைய சொல்லித் தரும். அவர்தான் ஷா நவாஸ் கான்.

ராணுவக் குடும்பத்துப் பிள்ளை

1914 ஜனவரி 24-ல் ராவல்பிண்டி மாவட்டம் மட்டோர் கிராமத்தில் பிறந்தவர். ராணுவத்தையே பிழைப்பாகவும் பெருமையாகவும் கொண்ட குடும்பம். டேராடூனில் ராணுவப் படிப்பை முடித்து, 14-வது பஞ்சாப் ரெஜிமென்ட்டில் அதிகாரி ஆனார். பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுத்தவர்.

இரண்டாம் உலகப்போரில் அவரது படைப்பிரிவு சிங்கப்பூரில் இருந்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் சரணடைந்தது. ஆயிரக்கணக்கான இந்திய வீரர்களோடு கேப்டன் ஷா நவாஸும் போர்க்கைதி ஆனார்.

கைதிகளை வைத்து இந்திய தேசிய ராணுவம் தொடங்கப்பட்டபோது, அவர் உடனே போய்ச் சேர்ந்துவிடவில்லை. ஆரம்பத்தில் அந்த யோசனையை எதிர்த்தவர்தான். 1943-ல் நேதாஜி வந்து தலைமை ஏற்ற பிறகு முழுமையாக அவர் பக்கம் நின்றார். மலேயா ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் பெருமளவில் சேர்ந்ததும் இதே படையில்தான். 1944-ல் பர்மா எல்லையில் சுபாஷ் பிரிகேடை நடத்தியவர் ஷா நவாஸ். ஐ.என்.ஏ.வில் அவர் மேஜர் ஜெனரல்.

செங்கோட்டை விசாரணை

1945 மே மாதம் பர்மாவில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டார். நவம்பர் 5-ல் டெல்லி செங்கோட்டையில் ராணுவ நீதிமன்றம் கூடியது. ஷா நவாஸ், பிரேம் குமார் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக வழக்கு. ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். நாடே கொதித்தது. புலாபாய் தேசாய் வாதாடினார். பல வருஷம் கழித்து நேருவும் வக்கீல் கவுனை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

தீர்ப்பு என்ன? மூவருக்கும் ஆயுள்கால நாடு கடத்தல், ராணுவப் பதவி பறிப்பு, சம்பள பாக்கி பறிமுதல். 1946 ஜனவரி 3-ல் தளபதி ஆக்கின்லெக் நாடு கடத்தலை மட்டும் ரத்து செய்தார். மற்ற இரண்டையும் உறுதி செய்தார். சிறைக்கு அனுப்பினால் மக்கள் பொங்குவார்கள் என்ற பயம் ஒருபக்கம். விசுவாசம் தவறியவரை அதிகாரியாக வைத்திருக்க முடியாது என்ற பிடிவாதம் மறுபக்கம்.

ஆக, ஷா நவாஸ் சுதந்திர மனிதராக வெளியே வந்தார். ஆனால் கேப்டன் பதவி போய்விட்டது.

இதே ராணுவம், இன்னொரு அதிகாரி

இங்கே ஒரு ஒப்பீடு அவசியம். 1919-ல் ஜாலியன்வாலா பாகில் ஆயுதம் இல்லாத கூட்டத்தைச் சுடச் சொன்னவர் ரெஜினால்ட் டயர். அரசுக் கணக்குப்படியே 379 பேர் செத்தார்கள். அவருக்கு ராணுவ நீதிமன்ற விசாரணை கிடையாது. பொறுப்பில் இருந்து விலக்கினார்கள், அவ்வளவுதான். 1920-ல் கர்னல் என்ற ரேங்கோடு ஓய்வு பெற்றார். ஆதரவாளர்கள் 26,000 பவுண்டு நிதியும் திரட்டிக் கொடுத்தார்கள்.

சுட்டவருக்கு ரேங்க் இருந்தது. விடுதலைக்குப் போரிட்டவருக்குப் பறிபோனது. நடத்தை கெட்டவர் யார் என்பதை அன்றைய அதிகாரம்தான் முடிவு செய்தது.

மக்கள் கொடுத்த ரேங்க்

1947-ல் பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போனது. ஷா நவாஸ் இந்தியாவில் தங்கினார். சுதந்திர இந்தியாவும் ஐ.என்.ஏ. வீரர்களைப் பழைய ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. உறுதிமொழியை மீறியவர்களைச் சேர்த்தால் படைக் கட்டுப்பாடு குலையும் என்ற தயக்கம்.

ஆனால் மீரட் மக்கள் 1952, 1957, 1962, 1971 என நான்கு முறை அவரை மக்களவைக்கு அனுப்பினார்கள். ரயில்வே துணை அமைச்சர் ஆனார். நேதாஜி மறைவை ஆராய 1956-ல் அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். எந்த அரசிதழும் உறுதி செய்யாத 'ஜெனரல்' என்ற பெயரோடுதான் நாடு அவரை அழைத்தது. 1983 டிசம்பர் 9-ல் காலமானார். டெல்லி ஜாமா மசூதி அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

இன்றைய சட்டம் என்ன?

1950-ம் ஆண்டு ராணுவச் சட்டப்படி, பணியில் இருந்தபோது செய்த குற்றத்துக்கு ஓய்வுக்குப் பிறகும் ராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாம். பொதுவாக மூன்று வருஷத்துக்குள் தொடங்கணும். கலகம், படையை விட்டு ஓடுவது போன்றவற்றுக்கு இந்தக் கெடு கிடையாது. ஓய்வுக்குப் பிறகு செய்யும் குற்றம்? அது சாதாரண கோர்ட் வேலை. கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றால் பென்ஷனை நிறுத்தவோ குறைக்கவோ விதி உண்டு.

ரேங்கையும் சேர்த்துப் பிடுங்கணும்னு கேட்பவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ரேங்கைக் காட்டி ஒருத்தர் ஊரை ஏமாற்றினால், கெட்ட பெயர் மொத்தப் படைக்கும்தானே?

ஆனால் பக்கத்தில் இலங்கையைப் பாருங்க. முன்னாள் ராணுவத் தளபதி சரத் பொன்சேகா ஓய்வு பெற்று, 2010 ஜனவரியில் அதிபர் தேர்தலில் ராஜபக்சவை எதிர்த்துத் தோற்றார். அடுத்த மாதமே கைது. ராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் ரேங்க், பதக்கம், பென்ஷன் எல்லாம் போயின. 2015-ல் ஆட்சி மாறியது. ரேங்க் திரும்பி வந்தது, அதே வருஷம் ஃபீல்டு மார்ஷலும் ஆனார். அவர் மீதான வழக்கு, சீருடையில் அரசியல் பேசினார், கொள்முதலில் முறைகேடு என்பதுதான். இறுதிப் போரில் தமிழர்களுக்கு நேர்ந்தது பற்றி அந்த விசாரணையில் ஒரு கேள்வியும் இல்லை.

ஷா நவாஸ் முதல் பொன்சேகா வரை பாடம் ஒன்றுதான். ரேங்கைப் பறிக்கும் அதிகாரம் ஆட்சியாளர் கையில் இருந்தால், ஆட்சி மாறும்போது குற்றமும் மாறிவிடும். பறித்தே ஆகணும் என்றால், முதலில் சுதந்திரமான நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணம் ஆகணும், மேல்முறையீட்டுக்கு வழி இருக்கணும், கர்னலுக்கும் சுபேதாருக்கும் ஒரே விதி இருக்கணும். இந்த மூன்றும் இல்லாமல் பறிக்கும் ரேங்க், தண்டனைக் கணக்கில் வராது. பழிவாங்கல் கணக்கில்தான் வரும்.