தனியொருத்தியே ஒரு குழு

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி ஒன்றை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். இல்லங்கள் ஒவ்வொன்றும் கொடி பிடித்து அணிவகுத்து வருகின்றன. ஓர் இல்லத்தின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். வருவதோ ஒரேயொரு பெண்பிள்ளை. மாலையில் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் அந்த இல்லமே முதலிடம்! கட்டுக்கதை என்று தள்ளிவிடத் தோன்றும். ஆயினும் 1932 ஜூலை 16ஆம் திகதி, அமெரிக்காவில் சிக்காகோ நகரை அடுத்த எவன்ஸ்டனில், பெண்களுக்கான தேசிய மெய்வல்லுநர் போட்டியில் இதுவே நடந்தது. அந்தப் பெண்ணின் பெயர் மில்ட்ரட் டிட்ரிக்சன். பேப் என்ற செல்லப் பெயராலேயே உலகம் அவரை அறியும்.

1911இல் டெக்ஸஸ் மாநிலத்தின் போர்ட் ஆதர் என்னும் துறைமுக ஊரில் பிறந்தவர். பெற்றோர் நோர்வேயிலிருந்து குடியேறியவர்கள், தந்தை தச்சர். ஏழு பிள்ளைகளில் ஆறாவது பிள்ளை. வளர்ந்தது அண்மையிலுள்ள போமண்ட் நகரில். அடுத்த வீட்டு வேலிகளைத் தாண்டித் தாண்டியே தடை தாண்டும் ஓட்டத்தைப் பழகியதாக அவரே பிற்காலத்தில் சொல்வார். தம்மைப் பற்றிப் பெருமையாய்ச் சொல்வதில் அவர் என்றுமே சளைத்தவரல்லர். தமது வயதிற்கூட இரண்டு மூன்றைக் குறைத்தே சொல்லி வந்தார்.

1930இல் டலஸ் நகரின் காப்புறுதிக் கம்பனி ஒன்று அவரை வேலைக்கு எடுத்தது. பெயருக்குத்தான் சுருக்கெழுத்து உத்தியோகம். உண்மையில் கம்பனியின் கூடைப்பந்துக் குழுவுக்காகவே எடுத்தார்கள். சம்பளம் மாதம் 75 டொலர். உலகமே பொருளாதார மந்தத்தில் தத்தளித்த காலம். சம்பளத்திற் பெரும் பங்கு வீட்டுக்குப் போயிற்று. அங்கேதான் ஓட்டம், பாய்ச்சல், எறிதல் எல்லாவற்றையும் முறையாகப் பயின்றார்.

எவன்ஸ்டன் போட்டி வந்தபோது, கம்பனியின் விளையாட்டுப் பொறுப்பாளராயிருந்த கேணல் மக்கொம்ஸ் புதுமையான முடிவொன்றை எடுத்தார். குழுவாக எவரையும் அனுப்பாமல் பேப்பை மட்டும் அனுப்பினார். கம்பனிக்கு அது நல்ல விளம்பரமும் ஆயிற்று என்பதை மறைப்பானேன்! முதல்நாள் இரவு பேப்புக்கு வயிற்று நோவு, உறக்கமில்லை. காலையில் எழும்பப் பிந்திவிட்டதால் வாடகைக் காரில் போகும் வழியிலேயே போட்டி உடைக்கு மாறினாராம். இதுவும் அவர் தமது வாழ்க்கை வரலாற்றில் எழுதியதுதான்.

ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்குள் எட்டு நிகழ்ச்சிகள். ஒன்றை முடித்து மூச்சு வாங்குமுன் அடுத்ததற்கு ஓட வேண்டும். குண்டு போடுதல், ஈட்டி எறிதல், பேஸ்போல் பந்து எறிதல், நீளம் பாய்தல், 80 மீற்றர் தடை தாண்டும் ஓட்டம் ஆகிய ஐந்திலும் முதலிடம். உயரம் பாய்தலில் ஜீன் ஷைலியுடன் சமமாக முதலிடம். தட்டெறிதலில் நான்காமிடம். எஞ்சிய ஒன்றில்தான் வெறுங்கை. முடிவில் பேப் என்னும் ஒருத்தியின் குழுவுக்கு 30 புள்ளிகள். இரண்டாவதாக வந்த இலினோய் மகளிர் மெய்வல்லுநர் கழகம் 22 பேருடன் வந்திருந்தது. அதற்குக் கிடைத்தவை 22 புள்ளிகள்.

இரண்டு வாரங்களின் பின் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக். பெண்களை மூன்று தனிநபர் நிகழ்ச்சிகளுக்கு மேல் அனுமதிக்காத காலம் அது. ஈட்டி எறிதலிலும் தடை தாண்டும் ஓட்டத்திலும் தங்கம். உயரம் பாய்தலில் மீண்டும் ஜீன் ஷைலியுடன் சமநிலை. ஆனால் தலையை முதலில் கொண்டு கம்பைத் தாண்டினார் என்று நடுவர்கள் தீர்க்க, வெள்ளிப் பதக்கமே கிடைத்தது. ஊர் திரும்பியவருக்குப் பெரும் வரவேற்பு. அவ்வாண்டு முடியுமுன் மோட்டார் கார் விளம்பரமொன்றில் அவருடைய படம் வந்ததால், பணம் வாங்காத விளையாட்டாளர் என்ற தகுதியை நிறுத்தி வைத்தார்கள். பின்னர் அத்தடை நீங்கியது. எனினும் பேப் பணத்துக்கு விளையாடும் வழியிலேயே போனார். மேடையில் மவுத் ஓர்கன் வாசித்தார். தாடி வளர்த்த ஆண்களின் பேஸ்போல் குழுவோடு ஊரூராய்ப் போனார். வீட்டாருக்குச் சோறு போட வேண்டுமே! பெண்ணா ஆணா என்று ஏளனம் செய்த பத்திரிகைகளும் உண்டு.

பின்னர் கோல்ஃப் ஆட்டத்துக்குத் திரும்பினார். அங்கும் வெற்றிமேல் வெற்றி. 1938இல் ஒரு கோல்ஃப் போட்டியில் சந்தித்த மல்யுத்த வீரர் ஜோர்ஜ் ஸஹாரியாஸை அவ்வாண்டு இறுதியிலேயே மணந்தார். 1947இல் பிரித்தானியப் பெண்கள் அமெச்சூர் பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கர் ஆனார். 1950இல் பெண்களுக்கான தொழில்முறை கோல்ஃப் சங்கத்தை ஆரம்பித்த 13 பேரில் அவரும் ஒருவர்.

வாசகர்களே, பதக்கங்களின் கதையை இத்துடன் விட்டு, 1953ஆம் ஆண்டுக்கு வாருங்கள். ஏப்ரல் மாதம் அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று கண்டார்கள். போமண்ட் வைத்தியசாலையில் குடலின் ஒரு பகுதியை வெட்டி அகற்றி, கழிவு வெளியேற வயிற்றிலேயே வழி அமைத்தார்கள். நோய் நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது. அதைக் கணவருக்கும் நெருங்கிய தோழிக்கும் சொன்ன வைத்தியர் நோயாளியிடம் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நம் குடும்பங்களிலும் இப்படி நடப்பதை அறிவீர்கள். அது அன்பா, அவரை ஏமாற்றியதா என்று எண்ணிப் பார்க்கையில் எனக்கு இரண்டுமாகவே படுகிறது.

அக்காலத்தில் புற்றுநோய் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்ல அமெரிக்கரும் கூசினார்கள். குடும்பத்துக்கு வந்த பழிபோல மறைத்தார்கள். பேப் மறைக்கவில்லை. தமக்கு என்ன நோய், என்ன சத்திரசிகிச்சை என்பதைப் பகிரங்கமாகச் சொன்னார். நான்கு மாதங்கள் முடியுமுன் மைதானத்தில் இறங்கினார். இனி ஆடவே முடியாது என்று பலரும் எண்ணியிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டு, 1954 ஜூலையில், மசாசூசெற்ஸ் மாநிலத்தில் நடந்த அமெரிக்கப் பெண்கள் திறந்த கோல்ஃப் போட்டியை 12 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். வயிற்றில் அந்தக் காயத்தின் வழியுடன்தான் வென்றார். முன்பு தற்பெருமைக்காரி என்று பெயரெடுத்த அதே வாய், இப்பொழுது புற்றுநோய்ச் சங்கத்துக்காகப் பேசியது. அந்நோய்க்கான நிதியம் ஒன்றும் 1955இல் அவர் பெயரால் தொடங்கப்பட்டது.

அதே 1955இல் நோய் முதுகெலும்பில் மறுபடி தலைகாட்டியது. 1956 செப்ரெம்பர் 27ஆம் திகதி, கால்வெஸ்டன் வைத்தியசாலையில், 45ஆவது வயதில் பேப் காலமானார். அன்று பத்திரிகையாளரைச் சந்தித்த ஜனாதிபதி ஐசனோவர், அரசியலுக்கு முன் அவருடைய மறைவைப் பற்றியே பேசினார். நோயாளியின் அறை மூலையில், அவர் கேட்டுக்கொண்டபடி, கோல்ஃப் மட்டைகள் கடைசிவரை சாத்தியபடியே இருந்தன.