படிப்புக்காகக் கையேந்திய அர்ச். இஞ்ஞாசியார்

ஜூலை மாதம் 31-ந் தேதி திருச்சபை அர்ச். லொயோலா இஞ்ஞாசியாருடைய திருநாளைக் கொண்டாடுகிறது. போர்வீரராயிருந்து மனந்திரும்பியவர், சேசுசபையை ஸ்தாபித்தவர், அர்ச். சவேரியாரை வேதபோதகத்துக்கு அனுப்பியவர் என்று அவரை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் அவர் நெடுங்காலம் சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாத மாணாக்கராயிருந்தார் என்பதை நம்மில் அநேகர் நினைப்பதில்லை. பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளையைக் கலாசாலைக்கு அனுப்பப் பணம் எங்கே என்று தவிக்கும் தாய் தகப்பன்மார் நம் பங்கில் உண்டு. உபகாரச் சம்பளம் கேட்டு மனுப் போடக் கூச்சப்பட்டு, நன்றாய்ப் படிக்கிற பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த அர்ச்சியசிஷ்டவருடைய மாணாக்கப் பருவம் பெரிய தேறுதல் தரும்.

இஞ்ஞாசியார் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவரல்ல. ஸ்பெயின் தேசத்து பாஸ்க் நாட்டில், லொயோலா கோட்டையில், 1491-ஆம் ஆண்டு பிரபு குலத்தில் பிறந்தார். 1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்ப்லோனா கோட்டையைக் காக்கும் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் முறிந்தது. படுக்கையில் கிடந்தபோது வாசித்த ஞானப் புஸ்தகங்கள் அவர் உள்ளத்தை மாற்றின. குணமானபின் தம் விலையுயர்ந்த உடைகளை ஒரு பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, கோணி உடுத்தி, மன்ரேசா ஊரில் தபசு செய்தார். 1523-ஆம் ஆண்டு ஜெருசலேமுக்குத் திருயாத்திரை போய்த் திரும்பினார். ஆத்துமங்களுக்கு உதவி செய்யவேண்டுமானால் தமக்குப் படிப்பு வேண்டும் என்று அப்போது தீர்மானித்தார்.

அந்தத் தீர்மானத்தின்போது அவருக்கு வயது 33. கையில் பணமில்லை, இலத்தீன் இலக்கணமும் தெரியாது. பார்சலோனா பட்டணத்தில் ஆர்தெவோல் என்ற இலக்கண உபாத்தியாயரிடமும், இசபெல் ரோசர் என்ற புண்ணியவதியான சீமாட்டியிடமும் தம் ஆசையைச் சொன்னார். உபாத்தியாயர் சம்பளம் வாங்காமல் கற்றுக்கொடுக்க முன்வந்தார். சாப்பாட்டுக்கு வேண்டியதை அந்தச் சீமாட்டி கொடுக்க ஒப்புக்கொண்டார். இப்படி ஒருவர் கொடுத்த கல்வியாலும் மற்றொருவர் கொடுத்த உணவாலும் இஞ்ஞாசியாருடைய படிப்பு தொடங்கியது. மீசை முளைக்காத சிறுவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, சேனையில் பணிசெய்த அந்த மனிதர் இலக்கணப் பாடத்தை மனப்பாடம் செய்தார்.

இரண்டு வருஷத்திற்குப்பின் 1526-இல் அல்காலா சர்வகலாசாலைக்கும், 1527-இல் சலமாங்காவுக்கும் போனார். அங்கே பிச்சை எடுத்து உண்டார். பல பாடங்களை ஒரே சமயத்தில் கேட்டார். ஒன்றும் ஆழமாய் வேரூன்றவில்லை. ஜனங்களுக்கு ஞானகாரியங்களைப் பேசியதால் சந்தேகத்துக்கு உள்ளாகி, இரண்டு ஊர்களிலும் சிறையில் அடைக்கப்பட்டார். அவருடைய போதனையில் குற்றம் இருப்பதாகத் தீர்ப்பாகவில்லை. ஆனாலும் படிப்பை முடிக்குமுன் சாவான பாவம் இன்னது, அற்பப் பாவம் இன்னது என்று வரையறுத்துப் போதிக்கக்கூடாது என்று கட்டளையிட்டார்கள். பட்டம் அவருக்கு வீண் அலங்காரமல்ல, சர்வேசுரன் தமக்குத் தந்த அலுவலின் வாசற்கதவு என்பது இதனால் தெளிவாயிற்று. ஆகையால் ஐரோப்பாவில் பேர்பெற்ற பாரிஸ் சர்வகலாசாலைக்குப் போய் ஒழுங்காய்ப் படிப்பதென்று முடிவு செய்தார். குளிர்காலத்தில், தனியாய், கால்நடையாய் நடந்து, 1528-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் பாரிஸ் வந்து சேர்ந்தார்.

பார்சலோனாவிலிருந்து கொண்டுவந்த உண்டியல் சீட்டுக்கு ஒரு வர்த்தகர் அவருக்கு 25 எஸ்குடோ நாணயங்கள் கொடுத்தார். அந்தத் தொகையைத் தம் கையில் வைத்துக்கொள்ள விரும்பாமல், உடன் தங்கியிருந்த ஒரு ஸ்பானிய மாணாக்கரிடம் ஒப்படைத்தார். அந்த வாலிபரோ சீக்கிரத்தில் அதைச் செலவழித்துவிட்டார். திருப்பிக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. தவசுகாலம் முடிவதற்குள் இஞ்ஞாசியார் வெறுங்கையராய் நின்றார். வீட்டு வாடகைக்கு வழியில்லாததால், அர்ச். யாகப்பர் பெயரால் ஏழை யாத்திரிகருக்காக நடத்தப்பட்ட சத்திரத்தில் தஞ்சம் புகுந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். சத்திரத்தில் படுக்க இடம் கிடைத்தது; ஆனால் படிப்பு கெட்டது. அவர் படித்த மொந்தேகு கலாசாலை அங்கிருந்து வெகுதூரம். விடிந்த பிறகே சத்திரத்தை விட்டுப் புறப்படலாம்; சாயங்காலத் திரிகால மணி அடிக்குமுன் திரும்பிவிடவேண்டும். கலாசாலையிலோ பாடம் விடியுமுன்னே தொடங்கிவிடும். காலைப் பாடமும் போயிற்று, மாலைப் பாடமும் போயிற்று. மிஞ்சிய நேரத்தைத் தினசரிச் சாப்பாட்டுக்காகப் பிச்சை எடுப்பது விழுங்கியது. வறுமை அவரிடமிருந்து அபகரித்தது ரொட்டியை அல்ல, நேரத்தை. இன்றைக்கும் ஏழை மாணாக்கர் பலருக்கு நேரிடுகிற கஷ்டம் இதுவே.

இஞ்ஞாசியார் சோர்ந்துபோகவில்லை. அந்தக் கலாசாலைகளில் ஏழை மாணாக்கர் சிலர் தங்கள் ஆசிரியருக்குப் பணிவிடை செய்து படித்துவந்தார்கள். அவரும் அப்படி ஒரு எஜமானைத் தேடினார். ஆசிரியரைச் சேசுநாதராகவும், உடன் மாணாக்கரை அர்ச். இராயப்பர், அர்ச். அருளப்பர் முதலிய அப்போஸ்தலர்களாகவும் மனதில் பாவித்துக்கொண்டு வேலை செய்யலாமென்று ஆசையோடு எண்ணியிருந்தார். பழக்கமானவர்களிடம் சொல்லிவைத்தார். அநேக ஆசிரியரை அறிந்திருந்த கர்த்தூசிய சபைச் சந்நியாசி ஒருவரிடமும் சொன்னார். எங்கும் இடம் கிடைக்கவில்லை.

கடைசியாய் ஸ்பானிய சந்நியாசி ஒருவர் அவருக்கு நல்ல யோசனை சொன்னார். நாள்தோறும் வீதியில் அலைவதைவிட, வருஷத்தில் இரண்டு மாதமோ அதற்குக் குறைவாகவோ ஒதுக்கி, பிளாண்டர்ஸ் தேசத்துக்குப் போகலாம்; அங்குள்ள ஸ்பானிய வர்த்தகர்களிடம் வருஷம் முழுவதற்கும் போதுமான தர்மத்தைக் கேட்டு வாங்கிவரலாம் என்பதே அது. இஞ்ஞாசியார் அதை ஜெபத்தில் ஆண்டவரிடம் ஒப்புவித்துப் பார்த்து, நல்லதென்று கண்டார். 1529, 1530, 1531 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் புரூஜ், ஆண்ட்வெர்ப் பட்டணங்களுக்குப் போனார். மூன்றாம் முறை கடல் கடந்து இலண்டனுக்கும் போய், மற்ற வருஷங்களைவிட அதிகமாய்க் கொண்டுவந்தார். இந்த மனிதர் வாங்கும் பணம் எங்கே போகிறது என்று வர்த்தகர்கள் கண்டறிந்தபின், அவர் வரும்வரை காத்திராமல் தாங்களே பாரிஸுக்கு உண்டியல் சீட்டு அனுப்பத் தொடங்கினார்கள்.

கேட்பது அவருக்கு எளிதாயிருந்திருக்குமா? கோட்டையில் பிறந்தவர், அரச அதிகாரிகளின் வீட்டில் வளர்ந்தவர், வியாபாரிகளின் வாசலில் நின்று கேட்டார். ஆனால் தம் சுகத்துக்காகக் கேட்கவில்லை. வேண்டிய அளவு, வேண்டிய காலத்துக்கு, கொடுக்கக்கூடியவர்களிடம் கேட்டார். ஆகையால் அவருக்கு அது இழிவாகவில்லை.

1529-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் அர்ச். பார்பராள் பெயரால் விளங்கிய சாந்த் பார்ப் கலாசாலையில் தத்துவ சாஸ்திரம் படிக்கச் சேர்ந்தார். அங்கே ஒரே அறையில் அவரோடு தங்கியவர்கள் இருவர். ஒருவர் சவோய் நாட்டு பீற்றர் பேபர். ஆடு மேய்த்த சிறுவன். பத்து வயதில் படிக்கவேண்டுமென்று அழுது பெற்றோரை இணங்கச் செய்தவர். அவரே இஞ்ஞாசியாருக்கு அரிஸ்டாட்டிலின் பாடங்களைத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். மற்றவர் நவார் நாட்டுப் பிரான்சிஸ் சவேரியார். பிரபு குலத்தவர், ஆனால் யுத்தத்தால் குடும்பச் செல்வம் குறைந்துபோயிருந்தது. சவேரியார் தத்துவ சாஸ்திரம் போதிக்கத் தொடங்கியபோது, இஞ்ஞாசியார் அவரிடம் மாணாக்கரைச் சேர்த்துவிட்டும், பண நெருக்கடியில் உதவியும் வந்தார் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். தமக்குக் கிடைத்த தர்மத்தில் மற்ற ஏழை மாணாக்கருக்கும் பங்கு கொடுத்துவந்தார்.

முன்பு அவருடைய பணத்தைச் செலவழித்த வாலிபரின் காரியமும் இங்கே சொல்லத்தக்கது. ஸ்பெயினுக்குத் திரும்பும் வழியில் அவர் ரூவான் பட்டணத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோது வியாதியாய் விழுந்து, இஞ்ஞாசியாருக்குக் கடிதம் எழுதினார். இஞ்ஞாசியார் வெறுங்காலோடு, உண்ணாமல் குடியாமல், 28 லீக் தூரம், அதாவது ஏறக்குறைய 130 கிலோமீட்டர், மூன்று நாளில் நடந்துபோனார். நோயாளிக்குத் தேறுதல் சொல்லி, ஸ்பெயினுக்குப் போகும் கப்பலில் ஏற உதவி, அங்குள்ள தம் சிநேகிதருக்குக் கடிதமும் கொடுத்தனுப்பினார்.

பட்டம் நெருங்கியபோது இன்னொரு சங்கடம் வந்தது. கல் எடுத்தல் என்று மாணாக்கர் அழைத்த ஒரு முறைமைக்கு ஒரு எஸ்குடோ செலவாகும். மிகவும் ஏழைகள் அதைச் செய்ய முடியாமல் விட்டுவிடுவார்கள். பிச்சை எடுத்துப் படிக்கும் தாம் அந்தச் செலவைச் செய்யலாமா என்று இஞ்ஞாசியார் மிகவும் தயங்கினார். தாமாக முடிவு செய்யாமல் ஆசிரியரிடம் விட்டார்; செய் என்றார் ஆசிரியர்; செய்தார். அதற்காகக் குறை பேசியவர்களும் இருந்தார்கள். தர்மப் பணத்தில் படிப்பவன் ஒவ்வொரு காசையும் ஊர் எண்ணிப் பார்க்கும். ஆனாலும் படிப்புக்கு அவசியமானதைச் செலவு செய்வது வீண் செலவல்ல. 1532-இல் இளங்கலைப் பட்டமும், 1533-இல் போதிப்பதற்கு அனுமதிப் பட்டமும், அதன்பின் மாஸ்டர் பட்டமும் பெற்றார்.

1534-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, தேவமாதாவின் மோட்ச ஆரோபணத் திருநாளன்று, பாரிஸ் மோன்மார்த்ர் குன்றில் ஏழு மாணாக்கர் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அவர்களில் சீமோன் ரொட்ரீகஸ், போர்த்துக்கல் அரசர் மூன்றாம் ஜான் அளித்த உபகாரச் சம்பளத்தில் படித்தவர். அதே அரசர் பிற்காலத்தில் இந்தியாவுக்கு வேதபோதகர் வேண்டுமென்று கேட்டார். 1542-ஆம் ஆண்டு சவேரியார் நம் முத்துக்குளித்துறைக் கரையில் வந்து இறங்கினார். பிளாண்டர்ஸ் வர்த்தகர்கள் கொடுத்த காசு எவ்வளவு தூரம் பலன் கொடுத்தது பாருங்கள்! பாரிஸில் ஓர் ஏழைக்கு வாடகையும் பாடச் சம்பளமும் கொடுத்தவர்கள், தாங்கள் பாராத கடற்கரையில் நடந்த ஞானஸ்நானங்களிலும் பங்குபெற்றார்கள்.

பட்ட கஷ்டத்தை இஞ்ஞாசியார் மறக்கவில்லை. 1540-இல் பாப்பரசர் அங்கீகரித்த சேசுசபைக்கு ஒழுங்குகள் எழுதியபோது, முழு வார்த்தைப்பாடு கொடுத்தவர்களின் மடங்கள் நிலையான வருமானமின்றித் தர்மத்தால் பிழைக்கவேண்டுமென்று வகுத்தார். ஆனால் படிக்கும் சகோதரர்கள் தங்கும் கலாசாலைகளுக்கு மாத்திரம் நிலையான வருமானம் இருக்க இடங்கொடுத்தார். படிக்கிறவன் சாப்பாட்டுக்காக அலையக்கூடாது என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். 1551-இல் ரோமையில் தொடங்கிய கலாசாலையில் கட்டணமின்றிப் பாடம் சொல்லப்பட்டது. 1552-இல் ஜெர்மானிய வாலிபருக்காக ஏற்பட்ட கலாசாலைக்குப் பாப்பரசரும் கர்தினால்மாரும் வருஷந்தோறும் பணம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். 1555-இல் பாப்பரசர் மூன்றாம் ஜூலியுஸ் மரித்தபின் அந்த உதவி குறைந்தபோதும், இஞ்ஞாசியார் அதைக் கைவிடவில்லை. 1556-ஆம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி அவர் மரித்தபோது, சேசுசபைக்கு முப்பதுக்கு மேற்பட்ட கலாசாலைகள் இருந்தன. 1622-இல் அவரும் சவேரியாரும் ஒரே நாளில் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார்கள். அவர்களுடைய அறைத் தோழர் பேபருக்கு 2013-இல் அந்தப் பட்டம் கிடைத்தது. நம் தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி அர்ச். சூசையப்பர் கல்லூரியும், பாளையங்கோட்டை அர்ச். சவேரியார் கல்லூரியும், சென்னை லொயோலா கல்லூரியும் இந்த ஏழை மாணாக்கருடைய சபை நாட்டிய மரங்களே.

பிரியமான பெற்றோரே, இஞ்ஞாசியாரிடம் நாம் கற்கவேண்டியது என்ன? முதலாவது, பிள்ளையின் படிப்புக்காக உதவி கேட்பது அவமானமல்ல. கேட்கக் கூச்சப்பட்டு, சர்வேசுரன் கொடுத்த புத்தியைப் புதைத்துவைப்பதே நஷ்டம். இரண்டாவது, வழி தெரிந்தவர்களிடம் யோசனை கேளுங்கள். அரசாங்க உதவி, கல்லூரியின் சம்பளச் சலுகை, தர்ம நிதிகள் எவை என்று பள்ளி ஆசிரியரையும் முன்பு படித்த பிள்ளைகளையும் விசாரியுங்கள். ஒரு கதவு அடைபட்டால் மறு கதவைத் தட்டுங்கள். மூன்றாவது, மாதந்தோறும் கடனுக்கு அலைவதைவிட, வருஷச் செலவு முழுவதையும் முன்கூட்டிக் கணக்கிட்டு, சான்றிதழ்களைச் சேர்த்து, கெடு தேதிக்குமுன் மனுச் செய்யுங்கள். நான்காவது, வந்த பணத்தை எழுதிக் கணக்கு வையுங்கள். யாரிடமும் சாட்சியில்லாமல் ஒப்படையாதீர்கள்.

வசதியுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் சாப்பாடு கொடுப்பது நல்லது. ஒரு வருஷக் கவலையை நீக்குவது அதிலும் நல்லது. உதவி பெற்றுப் படித்து முடித்து, இன்று உத்தியோகத்தில் இருக்கும் வாலிபரே, உங்கள் முதல் சம்பளங்களில் ஒரு பங்கு அடுத்த பிள்ளைக்கு உரியது என்பதை மறவாதீர்கள்.

மனுத் தாள்களோடு என்னிடம் வர எந்தக் குடும்பமும் தயங்கவேண்டாம். பங்கு வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. புரூஜ் பட்டணத்து வீதிகளில் வெட்கமின்றி நடந்த அர்ச். இஞ்ஞாசியார், நம் பிள்ளைகளுக்காகச் சர்வேசுரனிடம் வேண்டிக்கொள்வாராக.