லூயிஸ் பெத்தூன் – அமெரிக்காவின் முதல் பெண் கட்டடக்கலைஞர்

ரொறொன்ரோவில் இருப்பவர்கள் குயீன்ஸ் பார்க்கில் உள்ள ஒன்ராறியோ சட்டசபைக் கட்டடத்தை எத்தனையோ தடவை கடந்து போயிருப்பார்கள். 1893இல் திறக்கப்பட்ட அந்த இளஞ்சிவப்பு மணற்கல் கட்டடத்தை வடிவமைத்தவர் எல்லைக்கு அப்பால் பஃபலோ நகரில் தொழில் செய்த ரிச்சர்ட் வெயிற். போட்டிக்கு வந்த வரைபடங்களை மதிப்பிடும் நடுவர்களில் ஒருவராக அழைக்கப்பட்ட மனிதர் அவர். கடைசியில் வேலை அவர் கைக்கே போய்ச் சேர்ந்தது! இங்குள்ள கட்டடக்கலைஞர்கள் கொதித்துப் போனார்கள். 1889இல் ஒன்ராறியோ கட்டடக்கலைஞர் சங்கம் உருவானதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

நான் எழுத வந்தது வெயிற்றைப் பற்றி அல்ல. அவருடைய அலுவலகத்தில் படம் கீறப் பழகி, பிறகு ஏரிக்கு அந்தப் பக்கம் இதே மாதிரியான சங்க வேலைகளில் இறங்கிய ஒரு பெண்ணைப் பற்றி.

ஜெனி லூயிஸ் பிளன்சார்ட் 1856 ஜூலை 21ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் வோட்டர்லூ என்ற சிற்றூரில் பிறந்தார். தாய், தகப்பன் இருவருமே ஆசிரியர்கள். பதினொரு வயது வரை வீட்டிலேயே படிப்பு. குடும்பம் பஃபலோவுக்கு இடம் மாறியபின் 1874இல் அங்கே உயர்பள்ளியை முடித்தார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிப்பதுதான் எண்ணம். ஆனால் 1876இல் வெயிற்றின் அலுவலகத்தில் படவரைஞர் இடம் கிடைத்ததும் பல்கலைக்கழகத்தை மறந்துவிட்டார். சம்பளம் சொற்பம், நேரமோ நீளம். ஆனாலும் அங்கே இருந்த நூலகம் அவருக்குத் திறந்திருந்தது. அந்தக் காலத்தில் பெரும்பாலான ஆண்களும் இப்படித்தான் தொழில் கற்றார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1881 ஒக்டோபரில், 25 வயதில், பஃபலோவில் சொந்தமாக அலுவலகம் திறந்தார். அதே மாதம் பெண்கள் முன்னேற்றச் சங்கத்தின் மாநாடும் அந்த நகரில் நடந்தது. அந்த டிசம்பரில், வெயிற்றின் அலுவலகத்தில் கூட வேலை செய்த றொபேர்ட் பெத்தூனை மணந்தார். தொழிலிலும் இருவரும் பங்காளிகள். 1883இல் ஒரு மகன். 1890இல் வில்லியம் ஃபூக்ஸ் மூன்றாவது பங்காளியானார்.

இனித்தான் சங்கக் கதை. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் 1857இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்டது. மேற்கே உள்ளவர்களுக்கு அது கிழக்குக் கரைக் கனவான்களின் மன்றமாகவே தோன்றியது. ஆகவே 1884இல் சிக்காகோவில் மேற்குக் கட்டடக்கலைஞர் சங்கம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். டானியல் பேர்ணம், லூயிஸ் சல்லிவன் போன்றவர்கள் இருந்த சங்கம் அது. உறுப்பினருக்குள் மேல்தட்டு, கீழ்த்தட்டு கிடையாது. கட்டணம் எவ்வளவு வாங்குவது, போட்டிகளை எப்படி நடத்துவது, மாநிலந்தோறும் கிளைச் சங்கங்கள் அமைப்பது, பரீட்சை வைத்து உரிமம் கொடுக்கச் சட்டம் கொண்டுவருவது... இவைதாம் அவர்கள் கூட்டங்களில் பேசப்பட்டவை.

இது ஏதோ வரட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். அக்காலத்தில் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டிக் கட்டடக்கலைஞர் ஆகலாம். எங்கள் ஊரில் மேசனே படத்தையும் கீறி வீட்டையும் கட்டி முடித்துவிடுவார், நல்ல வீடுகள்தான். ஆனால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் பாடசாலையை அப்படிக் கட்ட முடியாது. நெருப்புப் பிடித்தால் எந்த வழியால் வெளியேறுவது என்பதை முதலே யோசிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும்.

1885இல் செயின்ற் லூயிஸ் நகரில் கூடிய இரண்டாவது மாநாட்டுக்கு லூயிஸ் பெத்தூனின் விண்ணப்பம் வந்தது. நிருவாகக் குழு தானாக முடிவெடுக்கவில்லை. பெண்ணைச் சேர்க்கலாமா என்று சபையிடமே கேட்டது. சபை ஆம் என்றது. மறுவருடம் பஃபலோவில் உள்ளூர்க் கட்டடக்கலைஞர் சங்கத்தை அமைப்பதில் அவரும் முன்னின்றார். உரிமச் சட்டத்துக்காக விடாமல் வேலை செய்தார். 1888இல் அமெரிக்கக் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அதன் முதல் பெண் உறுப்பினர் அவரே. 1889இல் சின்சினாட்டியில் இரண்டு அமைப்புகளும் இணைந்தபோது உறுப்பினர் அனைவரும் முழுநிலை உறுப்பினர் ஆக்கப்பட்டனர். அந்தப் பட்டியலில் இருந்த ஒரே பெண்ணும் அவர்தான். தனிச்சலுகையாக அல்ல, எல்லோரோடும் சேர்த்துக் கிடைத்த தகுதி அது. இது அவருக்கு மிகவும் பிடித்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

ஏனென்றால் 1891இல் அவர் செய்ததைப் பாருங்கள். 1893இல் சிக்காகோவில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சிக்குப் பெண்கள் மாளிகை ஒன்றைப் பெண்ணே வடிவமைக்க வேண்டும் என்று போட்டி அறிவித்தார்கள். பரிசு 1000 டொலர். அதே கண்காட்சியின் பெரிய கட்டடங்களுக்கு ஆண் கட்டடக்கலைஞர்கள் போட்டியில்லாமல் நேரடியாக அழைக்கப்பட்டார்கள். அவர்களுக்குத் தலைக்கு 10,000 டொலர். பெத்தூன் கலந்துகொள்ள மறுத்துவிட்டார். முதலாவது, சம வேலைக்குச் சம ஊதியம் இல்லை. இரண்டாவது, வடிவமைப்புப் போட்டி என்ற முறையே தொழிலைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. குயீன்ஸ் பார்க் கதையை வாசித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உலகமே பார்க்கப் போகும் கட்டடம். அதை எடுத்திருந்தால் அவர் பெயர் பாடப்புத்தகங்களில் ஏறியிருக்கும். போட்டியில் வென்றவர் சோபியா ஹேடன், மசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலைப் பட்டம் பெற்ற முதல் பெண். மேலிடத் தலையீடுகளால் அலைக்கழிந்து நொந்துபோன அந்த இளம் பெண் அதற்குப் பிறகு பெயர் சொல்லும்படி வேறொரு கட்டடம் எழுப்பவில்லை.

அதே 1891 மார்ச்சில் பஃபலோப் பெண்கள் அமைப்பு ஒன்றில் பெத்தூன் ஆற்றிய உரை அச்சில் வந்திருக்கிறது. பெண் என்றால் வீடும் சமையலறையும் வடிவமைக்கத்தான் லாயக்கு என்ற எண்ணத்தை அதில் அவர் ஏற்கவில்லை. வீட்டு வேலைதான் மிகக் குறைந்த ஊதியம் தருவது என்றும் கணக்காகச் சொல்கிறார். இரக்கமில்லாத தெளிவு! சொன்னபடியே அவர்களுடைய நிறுவனம் பள்ளிக்கூடங்கள், தொழிற்சாலைகள், ஓர் இராணுவப் பயிற்சிக் கூடம், உருக்குச் சட்டகத்தில் கொங்கிரீட் தளம் போட்ட ஓர் இசைக்கருவிக் கடை என்று எல்லாவற்றையும் கட்டியது. இடையில் சைக்கிள் ஓட்டவும் நேரம் இருந்தது. பஃபலோவில் சைக்கிள் வாங்கிய முதல் பெண் அவர்தான் என்பார்கள்.

பெரிய வேலை லஃபயெற் ஹொட்டல். 1901 பஃபலோ கண்காட்சிக்காகத் திட்டமிட்டது, இழுபட்டு 1904இல்தான் திறந்தது. ஏழு மாடி, 225 அறைகள், பத்து லட்சம் டொலர் செலவு. ஒவ்வோர் அறையிலும் சுடுநீர், குளிர்நீர்க் குழாய்களும் தொலைபேசியும் இருந்தன. அன்றைக்கு அது பெரிய ஆடம்பரம்.

பெத்தூன் 1913 டிசம்பர் 18ஆம் திகதி, 57 வயதில், பஃபலோவில் காலமானார். அவர் பாடுபட்ட உரிமச் சட்டம் நியூயோர்க் மாநிலத்தில் வந்தது 1915இல். இரண்டு வருடம் பிந்திவிட்டது.

லஃபயெற் இடையில் பாழடைந்து கிடந்து, திருத்தப்பட்டு 2012இல் மீண்டும் திறந்தது. எல்லை தாண்டிச் சாமான் வாங்கப் போகிறவர்கள் நகர நடுவில் லஃபயெற் சதுக்கத்துக்கும் ஒரு எட்டுப் போய் வரலாம். சிவப்புச் செங்கலும் வெள்ளை அலங்காரமுமாக நிற்கும், தேடத் தேவையில்லை.